பக்கத்து வீட்டில் கூடுதல் கட்டடம் வரப்போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டப் போகிறார், அல்லது இருக்கும் மாடிமேல் இன்னொரு மாடி எடுக்கப் போகிறார். சேதி காதில் விழுந்ததும் நமக்கு மனசு நிலைகொள்ளாது. கட்டுகிறவர் பக்கமும் அடுத்த வீட்டுக்காரர் பக்கமும் நின்று வேலை பார்த்த கட்டடப் பொறியாளன் நான். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், எத்தனை மாடி போகலாம் என்கிற விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அவற்றை உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். வெயிலும் மண்ணும் தண்ணீரும் நடந்துகொள்ளும் விதம் எங்கும் ஒன்றுதான். இங்கே பேச்சு பெரும்பாலும் அவற்றைப் பற்றி.

முதலில் பேசுவதா, புகார் கொடுப்பதா?

பேசுங்கள். அதுவும் கடைக்கால் தோண்டும் முன்பே பேசுங்கள். பிளானில் ஜன்னலை நான்கு அடி தள்ளி வைக்க வரைபவருக்கு அரைமணி நேரம் போதும். ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்கும் லிண்டல் கான்கிரீட் விழுந்த பிறகு அதே ஜன்னலை நகர்த்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் முடியாது.

பேச்சை எப்படித் தொடங்குகிறோம் என்பதில் பாதிக் காரியம் இருக்கிறது. "எங்க பக்கம் கட்டக் கூடாது" என்று போய் நின்றால் அவர் பிளானை மடித்து உள்ளே வைத்துவிடுவார். "அண்ணே, வீட்டைப் பெருசு பண்றீங்களாமே, நல்லது. பிளானை ஒரு தடவை பார்க்கலாமா? எங்க சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கு, அதான் கேக்கறேன்" என்றால் அவரே விரித்துக் காட்டுவார். பொதுவாகப் பயப்படுவதைவிட ஒரு குறிப்பிட்ட ஜன்னல், ஒரு குறிப்பிட்ட சுவர், ஒரு குறிப்பிட்ட குழாய் என்று கேட்பவருக்குத்தான் பதில் கிடைக்கும்.

பேசி முடித்த அன்றே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்: "இன்னைக்குப் பேசினபடி குளியலறை ஜன்னல் உயரமா வைக்கறதாச் சொன்னீங்க, ரொம்ப நன்றி." மரியாதைக்கு மரியாதை, ஆதாரத்துக்கு ஆதாரம்.

பிளானைக் காட்டினார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதைப் பார்ப்பது?

மேலிருந்து பார்க்கும் தரைப்படத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அதில் உங்களுக்கு வேண்டிய விவரம் பாதிகூட இருக்காது. பக்கவாட்டுத் தோற்றப் படத்தையும், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தையும் கேளுங்கள். உயரம், ஜன்னல் எந்த மட்டத்தில் தொடங்குகிறது, அஸ்திவாரம் எத்தனை ஆழம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

உயரம் என்று எழுதியிருக்கும் எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலும் அது கூரைத் தளம் வரைக்குமான கணக்கு. அதற்கு மேல் கைப்பிடிச் சுவர், மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வரும். "தொட்டியோட சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த உயரம் எந்தத் தரையிலிருந்து அளந்தது என்பதையும் கேளுங்கள். அவர் மனையை இரண்டடி மேடாக்கிவிட்டு அங்கிருந்து அளந்திருந்தால், உங்கள் முற்றத்திலிருந்து பார்க்கும்போது சுவர் இரண்டடி கூடுதலாகத்தான் நிற்கும்.

1:100 என்ற அளவில் வரைந்த படத்தில் 1 செ.மீ. என்றால் தரையில் 1 மீட்டர். ஆனால் போனில் வந்த படத்தை வீட்டில் அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். தாளுக்குள் அடங்கும்படி பிரிண்டர் சுருக்கியிருக்கும். கோட்டை நம்பாமல் எழுதியிருக்கும் எண்ணை நம்புங்கள்.

பெரும்பாலான பிளான்களில் உங்கள் வீடே இருக்காது. எல்லைக்கோடு வரைக்கும் வரைந்துவிட்டு நிறுத்தியிருப்பார்கள். உங்கள் சுவரும் ஜன்னலும் எங்கே இருக்கின்றன என்று அதே படத்தில் சேர்த்து வரையச் சொல்லுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். சில சமயம் புதிதாக ஒன்று முளைக்கும், அதுவும் நல்லதுதான்.

வெளிச்சம் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். வெயில் வேறு, வெளிச்சம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வெயிலை நிழல் நீளத்தால் கணக்கிடலாம். சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒரு சுவரின் நிழல் அதன் உயரம் அளவுக்கே விழும். 30 பாகையில் உயரத்தைப்போல் சுமார் 1.7 மடங்கு, 20 பாகையில் சுமார் 2.7 மடங்கு. அதாவது 3 மீட்டர் உயர்த்தி ஒரு மாடி எடுத்தால், 45 பாகையில் நிழல் 3 மீட்டர் கூடும், 20 பாகையில் 8 மீட்டருக்கு மேல் கூடும். நண்பகலில் ஒன்றும் தெரியாது. காலையிலும் மாலையிலும், சூரியன் தாழ்ந்து போகும் பருவத்திலும்தான் இழப்பு தெரியும். ஆகவே அந்தக் கட்டடம் உங்களுக்கு எந்தத் திசையில் வருகிறது என்பதே முதல் கேள்வி. எந்தத் தேதியில் எந்த மணிக்கு நிழல் எங்கே விழும் என்று காட்டும் மென்பொருள் இப்போது வரைபவர்கள் கையிலேயே இருக்கிறது. கோடை, குளிர் இரண்டுக்கும் படம் கேளுங்கள்; கோடை நண்பகல் படத்தை மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வெளிச்சம் என்பது வானத்திலிருந்து வருவது. நேர் வெயில் என்றுமே படாத ஜன்னலுக்கும் வானம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருக்கும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பாருங்கள். எவ்வளவு வானம் தெரிகிறது? புதுச் சுவரின் உச்சி அதில் எதுவரை வரும்? நீளமான மூங்கிலில் துணி கட்டி, அவர் இடத்தில் அந்த உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்க்கலாம். வேடிக்கையாக இருக்கும், ஆனால் இரண்டு வீட்டாரும் ஒரே காட்சியைப் பார்த்துப் பேசுவார்கள். வானம் ஒரு கீற்றாவது மிச்சமிருந்தால் அறை பிழைக்கும். கொஞ்சமும் இல்லையென்றால் பகலிலும் விளக்குப் போட வேண்டிவரும், அதை உறுதியாகச் சொல்லி எதிர்க்கலாம்.

நடுவழி கேட்பதானால், மேல்மாடியின் அந்தப் பக்கச் சுவரை மட்டும் உள்ளே தள்ளச் சொல்லலாம், அல்லது கூரையை உங்கள் பக்கம் தாழ்வாகச் சரித்துப் போடச் சொல்லலாம். எதிர்ச்சுவருக்கு வெள்ளை அடிப்பதும் ஓரளவு உதவும்.

அவர்கள் மாடி ஜன்னலிலிருந்து எங்கள் வீட்டுக்குள் தெரியுமே?

ஜன்னலே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்த அறைக்கும் காற்று வேண்டும். ஜன்னலின் கீழ்விளிம்பை உள்தரையிலிருந்து ஆள் கண்மட்டத்துக்கு மேலே, சுமார் 1.7 மீட்டருக்கு ஏற்றினால் வெளிச்சமும் காற்றும் வரும், நின்று பார்க்க முடியாது. இல்லாவிட்டால் கண்மட்டம் வரை திறக்காத மங்கல் கண்ணாடி, அதற்கு மேலே திறக்கும் கதவு. கண்ணாடியில் ஒட்டும் தாளுக்குச் சம்மதிக்காதீர்கள், நாளைக்கே உரித்துவிடலாம்.

ஜன்னலை மட்டுமே பார்த்துவிட்டுப் பால்கனியையும் மொட்டை மாடியையும் மறந்துவிடுகிறார்கள். ஜன்னலில் ஒருவர் எட்டிப் பார்ப்பது எப்போதோ. மொட்டை மாடியில் மாலை முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும்.

அவர்கள் பள்ளம் தோண்டினால் எங்கள் வீட்டு அஸ்திவாரம் ஆடுமா?

இந்தப் பயத்தில்தான் நியாயம் அதிகம். மற்றதெல்லாம் வசதிக் குறைச்சல், இது பாதுகாப்பு.

உங்கள் சுவரின் பாரம் அஸ்திவாரத்தின் அடிமட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து மண்ணுக்குள் விரிந்துகொண்டே இறங்குகிறது. அடிவிளிம்பிலிருந்து கீழ்நோக்கி 45 பாகையில் சாய்வாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே, உங்கள் வீட்டுப் பக்கமாக இருக்கும் மண்தான் உங்கள் வீட்டைத் தாங்குகிறது. பக்கத்துப் பள்ளம் அதை வெட்டாத வரை பெரும்பாலும் கவலை இல்லை. வெட்டினால் நிபுணர் வேலை. உங்கள் அஸ்திவாரத்தின் அடி 1 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அவர்கள் அரை மீட்டர் தள்ளி 2 மீட்டர் தோண்டுகிறார்கள் என்றால் கோடு வெட்டப்படுகிறது. இது தோராயக் கணக்குதான். மணல் மண்ணும், நீர் ஊறிய மண்ணும் இன்னும் எளிதாகச் சரியும்.

அதனால் கேட்க வேண்டியவை: பள்ளத்தின் ஆழம் என்ன? எல்லையிலிருந்து எத்தனை தூரம்? ஒரேயடியாகத் தோண்டுவார்களா, துண்டு துண்டாகவா? உங்கள் சுவரை ஒட்டித் தோண்டியே தீரவேண்டுமென்றால், சுமார் ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, அடுத்தடுத்துள்ள துண்டுகளை ஒரே நேரத்தில் திறக்காமல், ஒன்றைக் கான்கிரீட்டால் நிரப்பி அது இறுகிய பிறகு அடுத்ததைத் தோண்டுவதே முறை. ஜேசிபி கொண்டுவந்து சுவர் நீளத்துக்கு ஒரே நாளில் வாரி எடுத்துவிட்டு, கம்பி கட்ட ஆள் வரவில்லை என்று வாரக்கணக்கில் பள்ளத்தைத் திறந்துபோடுவதுதான் ஆபத்து. அந்த இடைவெளியில் நல்ல மழை ஒன்று பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். பள்ளத்தில் தண்ணீர் ஊறி, மோட்டார் வைத்து இறைக்கிறார்கள் என்றால் தண்ணீரோடு மண் வருகிறதா என்று பாருங்கள். கலங்கிக்கொண்டே வந்தால் அடிமண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். உடனே அவர்கள் இன்ஜினியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மேஸ்திரி சொல்லும் சமாதானம் அப்போது போதாது.

இன்னொன்று: சுவர் எல்லைக்குள் இருந்தாலும், அதன் கீழுள்ள அஸ்திவாரம் சுவரைவிட அகலமானது. எல்லையை ஒட்டிச் சுவர் எழுப்புகிறவர் வழக்கமான அஸ்திவாரம் போட்டால் அதன் ஓரம் மண்ணுக்கடியில் உங்கள் மனைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பிற்பாடு நீங்கள் கட்டும்போதுதான் தெரியவரும். கான்கிரீட் கொட்டும் முன் பள்ளத்தை எட்டிப் பார்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மரம். களிமண் பூமியில் எல்லையோரப் பெருமரத்தை வெட்டினால், அது உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்கும், மண் உப்பும். வேலை முடிந்து வெகுநாள் கழித்து விரிசல் வந்தால் யாருக்கும் அந்த மரத்தின் நினைவு வராது.

வேலை தொடங்கும் முன் எங்கள் வீட்டை எப்படிப் பதிவு செய்வது?

எதுவும் விரிசல் விடாத வீடு என்று ஒன்று இல்லை. பள்ளம் தோண்டிய மறுநாள் நாம் சுவரைக் கூர்ந்து பார்க்கிறோம், பழைய விரிசலெல்லாம் புதிதாகத் தெரிகிறது. அதனால் முன்பே பார்த்துவிடுங்கள். அறை அறையாக, வாசலிலிருந்து ஒரே பக்கமாகச் சுற்றி, தரை முதல் கூரை வரை வீடியோ எடுங்கள். ஒவ்வொரு விரிசலுக்கும் தனிப் படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். நீண்டால் அந்தக் கோட்டைத் தாண்டும், வாதாட வேண்டியதில்லை. முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரரையும் உடன் வைத்துக்கொண்டு செய்து, ஒரு பிரதியை அவருக்கும் அனுப்புங்கள். செய்யாத சேதத்துக்கு அவர் மேல் பழி வராமல் காப்பதும் இதே பதிவுதான் என்று சொன்னால் பெரும்பாலானோர் சந்தோஷமாக வருவார்கள்.

விரிசலின் அகலம் 1 மி.மீ.க்குள் இருந்தால் பெயிண்ட் அடிக்கும்போது சரியாகிவிடும். 5 மி.மீ. வரை பூசி அடைக்கலாம், ஆனால் காரணம் கேட்க வேண்டும். அதற்கு மேல் போனால், அல்லது கதவு திடீரென்று இறுகினால், வேலையை நிறுத்தச் சொல்லி இன்ஜினியரை அழையுங்கள். வலைபோல் மெல்லியதாகப் படர்வது பூச்சு காய்ந்த விரிசல். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகப் படிபோல் ஏறுவது அஸ்திவாரம் அமுங்கியதைச் சொல்லக்கூடும்.

இயந்திரம் ஓடும்போது பாத்திரமெல்லாம் ஆடுகிறது. வீடு தாங்குமா?

பெரும்பாலும் தாங்கும். சுவருக்குச் சேதம் வரும் அளவைவிட மிகக் குறைந்த அதிர்வையே நம் உடம்பு உணர்ந்துவிடும். பயப்படுவதற்குப் பதில் பென்சில் கோடுகளைப் பாருங்கள். பொதுச்சுவரிலேயே டிரில்லரை வைத்துக் குடைகிறார்கள் என்றால் மட்டும் அது வேறு கதை, அதை நிறுத்தலாம்.

இரண்டு சுவருக்கும் நடுவில் அரையடி சந்துதான் வரும். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் கண்டுகொள்ளாத, ஆனால் வருஷக்கணக்கில் தொல்லை தரும் விஷயம் இது.

ஆள் நுழைய முடியாத சந்தில் சுவர் எழுப்பும்போது, அந்தப் பக்கம் பூச முடியாது. பூசாத செங்கல் மழையைக் குடிக்கும். கட்டும்போது கலவை, உடைந்த செங்கல், சென்ட்ரிங் பலகைத் துண்டு எல்லாம் சந்துக்குள் விழும். எடுக்க வழியில்லை என்பதால் யாரும் எடுக்க மாட்டார்கள். அந்தக் குப்பை இரண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு நிற்கும், ஈரம் அதன் வழியே உங்கள் சுவருக்கு ஏறும். உள்ளே படுக்கையறையில் பெயிண்ட் உப்பும், நீங்கள் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவீர்கள். கரையான் உள்ள இடமென்றால் அந்தப் பலகைத் துண்டே அதற்கு விருந்து.

ஒன்று, ஆள் போகும் அளவுக்கு இடைவெளி விடச் சொல்லுங்கள். முடியாதென்றால், கட்டும்போது சந்தின் மேல்வாயைப் பலகை போட்டு மூடி வைப்பது, ஒவ்வொரு நாளும் விழுந்ததை அன்றன்றே எடுப்பது, முடிந்ததும் மழை இறங்காதபடி மேலே தகடு போட்டு மூடுவது என்று பேசிக்கொள்ளுங்கள். தகடு உங்கள் சுவரிலும் பொருத்தப்படுவதால் உங்கள் சம்மதம் தேவை. கொடுங்கள், லாபம் உங்களுக்குத்தான்.

மழைத்தண்ணீர் எங்கள் பக்கம் வந்தால்?

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 40 சதுர மீட்டர் புதுக் கூரை, 50 மி.மீ. மழை என்றால் 2,000 லிட்டர். இதுவரை அவர் வீட்டு மண்ணில் இறங்கிய தண்ணீர் இனி ஒரு குழாய் வாயில் வந்து நிற்கும். அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பிளானில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சன்ஷேடும் கூரை விளிம்பும் எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது, சொட்டும் தண்ணீரும்தான். பழைய கழிவுநீர்க் குழாய் புது அறைக்கு அடியில் மாட்டிக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். அது இரண்டு வீட்டுக்கும் பொதுவான குழாய் என்றால், அடைத்துக்கொள்ளும் நாளில் திறக்க மூடியே கையில் இருக்காது.

சத்தத்துக்கும் தூசிக்கும் என்ன வழி?

வேலை நடந்தால் சத்தம் இருக்கத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரத்தைப் பேசலாம். எத்தனை மணிக்குத் தொடங்குவார்கள், எந்த நாள் லீவு, உடைப்பும் கான்கிரீட்டும் எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி எரிச்சல் குறையும். வீட்டில் கைக்குழந்தையோ இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவரோ இருந்தால் சொல்லிவையுங்கள்.

தூசியை மட்டும் சும்மா விடாதீர்கள். கல், டைல்ஸ், கான்கிரீட்டை உலர்வாக அறுக்கும்போது கிளம்பும் நுண்தூசியில் சிலிக்கா உண்டு; தொடர்ந்து நுரையீரலுக்குள் போனால் நோய் தரும், அந்த வேலையாட்களுக்குத்தான் முதலில். தண்ணீர் விட்டு அறுத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதை உடைக்காமல், நனைத்து, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். பழக்கப்பட்ட ஆட்கள் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் முற்றத்தில் சாரம் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள்.

கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் உங்கள் பக்கச் சுவர் பூச்சில்லாமல் நிற்கும், அதைத் தினமும் பார்ப்பது நீங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, செடியையும் தரையையும் எதைப் போட்டு மூடுவார்கள், உடைந்தால் யார் சரிசெய்வது, கான்ட்ராக்டருக்குக் காப்பீடு உண்டா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பேசிப் பலனில்லை. ஆட்சேபனைக் கடிதத்தில் என்ன எழுதுவது?

அனுமதி தரும் அதிகாரி அந்தக் கட்டடத்தைத்தான் பார்ப்பார், அண்டை வீட்டுச் சண்டையைப் பார்க்க மாட்டார். உயரம், இடைவெளி, வெளிச்சம், தனிமை, தண்ணீர், வழி, பள்ளத்தின் பாதுகாப்பு ஆகியவை எடுபடும். பழைய மனஸ்தாபமும், வீட்டின் விலை குறையும் என்பதும், ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்பதும் பொதுவாக எடுபடுவதில்லை.

இப்படி எழுதலாம்: "எங்கள் சமையலறையின் ஒரே ஜன்னலிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் 6 மீட்டர் உயரச் சுவர் வருவதாகப் பிளானில் உள்ளது. இப்போது அந்த இடத்தில் 2 மீட்டர் மதில் மட்டுமே இருக்கிறது. மேல்மாடிச் சுவரை உள்தள்ளி அமைக்கக் கேட்டுக்கொள்கிறோம்." இருக்கும் நிலை, வரப்போகும் நிலை, கேட்கும் மாற்றம். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். கடைசித் தேதியைத் தவறவிட்டால் எவ்வளவு நல்ல கடிதமும் வீண்.

அனுமதி ஒன்று, கட்டுவது வேறொன்றாக இருக்கிறதே?

அனுமதி பெற்ற பிளானின் பிரதி, நீங்கள் எடுத்த அளவு, தேதியோடு படம். மூன்றையும் வைத்து முதலில் அவரிடம் கேளுங்கள். கான்ட்ராக்டர் செய்தது வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருப்பதுண்டு. பதில் சரியில்லையென்றால் அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுதுங்கள். கூரை ஏறிய பிறகு இடிக்கச் சொல்வதைவிட, சுவர் இடுப்பளவு இருக்கும்போது நிறுத்தச் சொல்வது எல்லோருக்கும் எளிது.

நாளைக்கு நாங்களும் கட்டினால்?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. அவர் இன்றைக்கு எல்லையோரம் உங்கள் மனையைப் பார்த்து ஜன்னல் வைத்தால், நாளைக்கு உங்கள் சுவர் அதை மறைக்கும், அப்போது ஆட்சேபனை அவர் கையில் இருக்கும். சில நாடுகளின் சட்டப்படி, ஒரு ஜன்னல் நீண்ட காலம் தடையில்லாமல் வெளிச்சம் வாங்கிவந்தால் அதுவே உரிமையாகிவிடும். காலக்கெடு 20 ஆண்டு என்று வைத்திருக்கும் சட்டங்களும் உண்டு. எதிர்காலத் திட்டம் இருந்தால் இப்போதே சொல்லி, உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒரு தடவை கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்று நீங்கள் எதற்கெல்லாம் தடை போடுகிறீர்களோ, அதையெல்லாம் நாளைக்கு உங்கள் பிளானிலும் அவர் தேடுவார் என்பதும் நினைவிருக்கட்டும்.

வேலை முடிந்துவிட்டது. இனி பார்க்க ஏதாவது இருக்கிறதா?

சாரம் பிரிக்கும் முன் உங்கள் பக்கப் பூச்சையும் சந்தின் மேல் தகட்டையும் பார்த்துவிடுங்கள். பிரித்த பிறகு யாரும் ஏற மாட்டார்கள். சிமெண்ட் தண்ணீர் இறங்கிச் சாக்கடை அடைத்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். பழைய வீடியோவை வைத்துக்கொண்டு அதே வரிசையில் இன்னொரு சுற்று எடுங்கள். விரிசல் ஏதாவது நீண்டிருந்தால் உடனே பூசிவிட வேண்டாம். புதுப் பாரத்துக்கு மண் அமர நாளாகும், ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கடந்த பிறகு விரிசல் நின்றுவிட்டதா என்று பார்த்துப் பூசினால்தான் பூச்சு நிற்கும். பூச்சுச் செலவைப் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்பதாக இப்போதே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கான்ட்ராக்டருக்கு அவர் கடைசித் தவணை கொடுப்பதற்குள்.